விரல்பூண்

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
பெரிய ஆறில்லாத ஊருக்கு
யார் வைத்த பேரோ.
ஆலைப் புகைபோக்கிகளை எண்ணித்தான்
வழி சொல்வோம் நாங்கள்.

போர்வைக்கு விளிம்பு தைத்த கை இது.
நாற்பத்தொன்பதில் விமானப் பட்டறையிலிருந்து
ஆள் வந்து கேட்டார்கள்,
இறக்கைக்குத் துணி போர்த்துவாயா என்று.
இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன்.
போர்வை கிழிந்தால் குளிரும், அவ்வளவுதான்
என்றார் மேஸ்திரி போனிஃபாட்சி.
வேலை கிடைத்துவிட்டது.

ஸூஹ் என்று பெயர் விமானத்துக்கு.
துணிச்சல்காரப் பொடியன் என்று பொருள்.
ஒன்றன்பின் ஒன்றாய் இரண்டு இருக்கை.
குழாய் எலும்பு, மர இறக்கை,
அதன்மேல் என் தையல்.
பசை பூசிக் காய்ந்ததும் சுண்டிப் பார்ப்பேன்.
தம் என்று சொன்னால் சரி.
தொப் என்று சொன்னால் பிரிக்க வேண்டும்.

மூக்கில் மட்டும் ஜெர்மன்காரன் எஞ்சின்.
அவர்கள் ஓடும்போது
கிடங்கில் பெட்டி பெட்டியாய் விட்டுப்போனது.
வேறு எங்கே போய் வாங்குவது?
ஏழு சிலிண்டர், ஏழிலும் அவன் முத்திரை.
துடைக்கும்போதுகூட
கந்தலை மடித்துத்தான் தொடுவார்கள்.

மூன்று வாரமாய் ஒரு சத்தம்.
திரும்பினால் டிக்.
புரண்டால் டிக் டிக்.
செவெரின் ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் எழுதினான்.
ஜெர்மன் எஞ்சின், முனகத்தான் செய்யும் என்று
மூன்று முறை பிரித்தார்கள்,
மூன்று முறை திட்டிக்கொண்டே பூட்டினார்கள்.
நாசவேலையாக இருக்குமோ என்று
தொப்பி கழற்றாத ஒருவர் வந்து
எல்லோர் பெயரையும்
எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக்கொண்டு போனார்.

மூன்று வாரமாய் என் நடுவிரலில் பூண் இல்லை.
இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை
என்று சொன்னால் நம்புவீர்களா?
யோசித்தேன்.
இரவெல்லாம் யோசித்துவிட்டுப்
பகலில் வெறும் விரலால் ஊசியைத் தள்ளினேன்.
ரத்தத்தைப் பசை மறைத்தது.

வியாழக்கிழமை மழை நின்றிருந்தது.
பின்னிருக்கைக்குப் போடும் மணல்மூட்டை
ஊறிக் கிடந்தது.
பானி லெயோகாதியா, உங்கள் எடை எவ்வளவு
என்றான் செவெரின்.
எந்தப் பெண்ணிடமும் கேட்கக்கூடாத கேள்வி.
ஆனாலும் ஏறி உட்கார்ந்தேன்.
பட்டைகளை இறுக்கினான்,
மூட்டையைக் கட்டுவது போலவே.

ஊர் சின்னதாகி,
புகைபோக்கிகள் ஊசிகளாகி,
பிறகு எல்லாம் என் தலைக்கு மேலே.

தலைகீழாகும்போது விமானம்
விழுங்கியதை எல்லாம் கக்குகிறது.
தூசி, மரச்சீவல், பென்சில் முனை,
யாரோ பாதி கடித்த ரொட்டியின் விளிம்பு.
கடைசியாய், கன்னத்தில் இடித்துவிட்டு
கூரைக் கண்ணாடியில் போய் விழுந்தது
என் பூண்.
கண்ணாடிக்கு அப்பால் உருளைக்கிழங்கு வயல்.
அதன் குழிகளில் வெயில் நிரம்பியிருந்தது.

எட்டி எடுத்தேன்.
பையில் போட்டால் மறுபடி விழும்.
வாயில் போட்டுக்கொண்டேன்.

பின்னால் சுகமா என்று குழாய் வழியே கேட்டான்.
ம் என்றேன்.
பயமா?
ம் என்றேன்.
எண்ணெய்ச் சுவை, இரும்புச் சுவை.

அன்று பதிவேட்டில்:
சத்தம் நின்றது. காரணம் தெரியவில்லை.
கடைசியில் அடங்கினான் பார் ஜெர்மன்காரன்
என்று போனிஃபாட்சி எல்லோருக்கும் புகையிலை கொடுத்தார்.

அவர்கள் சூப்புக்குப் போன பிறகு
கந்தல் இல்லாமல் அதன் சிலிண்டரில் கைவைத்தேன்.
ஜெர்மன் மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்
மன்னியுங்கள்.
ஐந்து வருடம் ஆலை வாசலில்
எதற்கென்று தெரியாமல் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல்.
அன்று சொன்னபோது
எதற்கென்று தெரிந்திருந்தது.

உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.
இடது இறக்கையின் நுனியில்
ஒரு முழம் தையல் கோணலாக இருக்கும்.
அது மறுநாள் தைத்தது.